சருகுப் பல்லியும் நெல் வயலும்

மடகாஸ்கர் தீவின் கிழக்கு மழைக்காடுகளில், உலகில் வேறெங்கும் இயற்கையில் காணப்படாத சிறு பல்லியினம் ஒன்று வாழ்கிறது. 1888-இல் பூலஞ்சர் என்ற விலங்கியலறிஞர் இதனை முதன்முதலில் விவரித்தார். ‘யூரோபிளாட்டஸ் பண்டாஸ்டிகஸ்’ என்பது இதன் அறிவியல் பெயர்.

வாலையும் சேர்த்து இதன் நீளம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். தட்டையான வால், பூச்சியரித்த சருகையே ஒத்திருக்கும். உடலில் இலைநரம்பு போன்ற கோடுகள் உண்டு. பகலில் அசைவற்றிருந்து, இரவில் பூச்சிகளை வேட்டையாடும். முட்டையிடுவதும் சருகுகளிடையேதான். எனவே, காடு அழியுமிடத்தில் இம்மாறுவேடம் பயனற்றதாகிவிடுகிறது.

இதற்கு நேரும் இடர்கள் இரண்டு. ஒன்று, வளர்ப்புப் பிராணி வாணிகம். 2004-இல் பாங்காக்கில் கூடிய ‘சைட்டிஸ்’ மாநாடு, இப்பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, ஏற்றுமதிக்கு உரிமம் தேவையென விதித்தது. மற்றொன்று, காட்டை வெட்டி எரித்து மலைநெல் விளைவிக்கும் முறை. சில போகங்களில் மண் வளமிழக்கவே, உழவர் அடுத்த காட்டை நாடுகின்றனர். வறுமையின் விளைவான இதனைச் சட்டத்தால் மட்டும் தடுக்க இயலாது.

இந்நிலையில்தான், 1980-களில் அத்தீவிலேயே உருவான ஒற்றை நாற்று நடவு முறை, 1990-களில் ரனோமஃபானா காட்டையடுத்த சிற்றூர்களில் பரப்பப்பட்டது. பள்ளத்தாக்கு வயலில் விளைச்சலைப் பெருக்கி, மலைக்காட்டின் மீதான நெருக்கடியைக் குறைப்பதே அதன் நோக்கம். பின்னர் இந்தியாவிலும் செம்மை நெல் சாகுபடி என்ற பெயரில் பரவிய முறை இதுவே.

உழவரின் வருவாய்க்கு வழிகாணாத வனப் பாதுகாப்பு நிலைபெறாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடமாகும்.