பன்னிரண்டு கோடைக் கதைகள்

பலர் எழுதிய கதைகளை ஒன்றாகச் சேர்த்தால் அது கதைத் தொகுப்பு.

அமெரிக்காவில் 2016-இல் ஒரு தொகுப்பு வந்தது. பெயர் ‘சம்மர் டேஸ் அண்ட் சம்மர் நைட்ஸ்’. தொகுத்தவர் ஸ்டெபனி பெர்கின்ஸ். இளம் வயதினருக்கான காதல் கதைகள் 12. எழுதியவர்களும் 12 பேர். எல்லாமே கோடைக்காலக் கதைகள்.

ஒரு கதையை எழுதியவர் லெவ் கிராஸ்மன். அதில் ஆகஸ்ட் 4 முடிவதே இல்லை. மறுநாளும் அதே நாள்! மார்க், மார்கரெட் இருவருக்கு மட்டுமே இது தெரியும். இருவரும் பழகுகிறார்கள். அன்பு வளர்கிறது. மார்கரெட்டின் தாய் சாகும் நிலையில் இருக்கிறார். விடிந்தால் தாய் இருக்கமாட்டார். விடியவே வேண்டாம் என்கிறது மகளின் மனம்.

காதல் கதைதானே என்று ஒதுக்கலாமா? இதில் தாய்ப் பாசமும் இருக்கிறது.

புத்தகம் பெரிதா? பயம் வேண்டாம். நாளுக்கு ஒரு கதை படியுங்கள். பிடித்த கதையில் தொடங்குங்கள்.

பேசுவோம்: மார்கரெட் என்ன செய்யவேண்டும்? ஏன்?