சின்ன ஃபைபர் படகில் தூண்டில் பயணம்: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழவேற்காட்டில் தொடங்கி நாகப்பட்டினம் வரை எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இன்று ஃபைபர் படகுகள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து இறங்கிய படகுகளால் அந்த மாற்றம் வேகம் பிடித்தது. இப்போது அதே வகையில் பதினாறு, பதினெட்டு அடிப் படகு ஒன்றை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவதற்கென்றே வாங்கும் நகரத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ராடு, ரீல், குதிரைத்திறன் என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். கடலில் படகை நிறுத்திவிடுவதோ தேய்ந்த ரப்பர் சக்கரம், அழுக்கு வடிகட்டி, தண்ணீர் கலந்த பெட்ரோல் போன்ற சில்லறைச் சமாச்சாரம். கவனத்தை முதலில் அங்கே வையுங்கள். கொடுவாவும் பாறையும் எங்கும் போய்விடாது.

படகின் உடலைத் தட்டிப் பாருங்கள்

படகைக் கவிழ்த்தோ, கட்டைமேல் ஏற்றியோ அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பூச்சில் மட்டும் ஓடும் முடியளவு கீறல்களால் உடனடி ஆபத்து இல்லை. கீறலுக்குள் கண்ணாடி இழை தெரிந்தால் கதை வேறு. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். அந்த இடத்தைத் தேய்த்து, நன்கு காயவிட்டு, ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து அடைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருக்கும்போது பூசினால் அது ஒட்டாது. மழைக்காலத்தில் அவசரப்பட்டுச் செய்யும் வேலை பல சமயம் மறுபடி செய்யவேண்டிய வேலையாகிவிடும்.

பழைய படகு வாங்குகிறவர்கள் பார்க்கத் தவறுவது இன்ஜின் மாட்டும் பின்பலகையை. வெளியே ஃபைபர் பளபளக்கும். உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறிப்போயிருக்கும். சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டுங்கள். நல்ல பலகை ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும், உளுத்தது மந்தமாகக் கேட்கும். பிறகு இன்ஜினின் கால்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கூடவே பலகையும் நெளிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது.

தண்ணீர் வடியவிடும் அடைப்பானைத் திருகாமல் படகை இறக்கிவிடுவது உலகம் முழுக்க நடக்கும் கூத்து. அதன் மாற்று ஒன்றை இன்ஜின் சாவியோடு கட்டி வையுங்கள்.

இன்ஜின்: கூடுதல் நேரம் இங்கேதான்

அவுட்போர்டு இன்ஜின் கடல்நீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உறிஞ்சும் வேலையைச் செய்வது கால்பகுதிக்குள் இருக்கும் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம். மணலும் சேறும் கலந்த முகத்துவாரங்களில் ஓட்டினால் அது சீக்கிரம் தேயும். வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். இதழ்கள் வளைந்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பக்கவாட்டில் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ அப்போதே இன்ஜினை அணையுங்கள். துளையை உப்பு அடைத்திருக்கலாம். மெல்லிய நைலான் நரம்பால் குத்திப் பார்க்கலாம். ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டினால் இன்ஜின் வெந்துபோகும்.

தூண்டில்காரர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. அறுந்த நரம்பு விசிறியின் தண்டில் போய்ச் சுற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது மெல்ல மெல்ல எண்ணெய் சீலை அறுத்து, கியர் பெட்டிக்குள் கடல்நீரை விட்டுவிடும். அதனால் அவ்வப்போது விசிறியைக் கழற்றி, தண்டில் நரம்பு இருக்கிறதா என்று பார்த்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். கியர் ஆயிலை மாற்றும்போது அது பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் புது ஆயில் ஊற்றுவது வீண். கியர் ஆயிலும், நான்கு ஸ்ட்ரோக் என்றால் இன்ஜின் ஆயிலும், 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.

இன்ஜினின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். உப்புநீர் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடித்தால் அது வேலை செய்யாது.

பெட்ரோலும் கணக்கும்

பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் நிற்கும் படகின் டேங்கில் நடப்பது இதுதான். மீந்த பெட்ரோலை வண்டிக்கு ஊற்றிவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக நிரப்புங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை மட்டும் வண்டிக்கு ஊற்றாதீர்கள். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பலவற்றுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்க வேண்டும். உங்கள் இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. மண்ணெண்ணெய் இன்ஜின் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைக்கும் முன் மறுபடி பெட்ரோலுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை கயிறு இழுத்தே தோள் போய்விடும்.

எவ்வளவு எடுத்துப்போவது? போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைத்திருக்க ஒரு பங்கு. மீன் நன்றாகக் கடிக்கும் நாளில் மூன்றாவது பங்கைத் தொடத்தான் கை அரிக்கும்.

படகில் இருக்க வேண்டியவை

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். பெட்டிக்குள் பத்திரமாக இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையுள்ளதாக, மயங்கினாலும் முகத்தை மேலே வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிற்றை ஓட்டுபவர் தன் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்த பிறகும் படகு வட்டமடித்துக்கொண்டு ஓடினால், விசிறி அவர்மேலேயே திரும்பி வரும்.

நங்கூரத்தைப் பலர் அலங்காரமாகவே வைத்திருக்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் நிற்க ஐம்பது மீட்டர் கயிறாவது வேண்டும், காற்றடித்தால் எழுபது. கயிற்றின் முனையில் இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் நங்கூரம் தரையில் படுத்துப் பிடிக்கும். கட்டவேண்டியது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில். பின்முனையான அமரத்தில் கட்டினால் இன்ஜின் பாரத்தோடு அலையும் சேர்ந்து பின்பக்கம் தண்ணீர் ஏறும்.

மற்றவை: துடுப்பு, இறைக்க வாளி, விசில், டார்ச், காலாவதியாகாத தீப்பந்த சிக்னல், முதலுதவிப் பெட்டி, மாற்று ஸ்பார்க் பிளக், பிளையர், குடிநீர். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், பொறுக்கும் அளவு வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்கும் உதவும். காயம் ஆழமாக இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

காற்றைப் படியுங்கள்

வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை உயர முன்னறிவிப்பையும் முந்தைய இரவும் புறப்படும் முன்னும் பாருங்கள். துறைமுகத்தில் எந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தாலும், அது ஒன்றாம் எண்ணாகவே இருந்தாலும், பொழுதுபோக்குப் பயணம் அன்றைக்கு இல்லை. காற்று மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டும் நாளிலும் புதியவர் வீட்டில் இருப்பதே சரி என்பது என் கணக்கு.

சோழமண்டலக் கரையில் ஏமாற்றும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் குளம் போலக் கிடக்கும், போகும்போது படகு வழுக்கிக்கொண்டு ஓடும். இன்ஜின் நின்றால் அதே காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டு போகும். அப்போது முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், இன்ஜினை அப்புறம் பார்க்கலாம். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். பதினொரு மணிக்குள் கரை சேர்வதுபோலத் திட்டமிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. படகுக்கு ஓய்வு கொடுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வேகமாக உருவானபோது பல படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன; அவற்றில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. கரையை விட்டு விலகினால் கைபேசியில் சிக்னல் போய்விடும். கையடக்க விஎச்எஃப் கருவியை முறைப்படி அனுமதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அவசர அழைப்புக்கு அதில் 16-ஆம் சேனல். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சட்டம்

உங்கள் படகுக்கு எந்தப் பதிவு பொருந்தும் என்பதை உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்கட்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அனுமதியின்றி இறங்கக் கூடாது. கடல்குதிரை, கடலட்டை பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள்.

முகத்துவாரம் கடத்தல்

கழிமுகத்திலிருந்து கடலுக்குள் நுழையும் அந்தச் சில நூறு மீட்டரில்தான் சின்னப் படகுகள் கவிழ்கின்றன. வற்றுநீர் வெளியே ஓட, எதிரே அலை உள்ளே வரும்போது அலை செங்குத்தாக எழும். ஏறுநீர் முடிந்து நீர் நிற்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். உடனே நுழையாமல் பத்து நிமிடம் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பின் சற்று ஓயும். ஓயும்போது அணியத்தை அலைக்கு நேராக வைத்து நிதானமாகப் போங்கள். திரும்பும்போது ஓர் அலையின் முதுகில் ஒட்டியே வாருங்கள். அதை முந்தினால் அணியம் பள்ளத்தில் குத்தும், பின்தங்கினால் அடுத்த அலை அமரத்தில் ஏறும். அன்றைய முகத்துவாரம் எங்கே ஆழம், எங்கே மேடு என்பது அங்கே தினமும் போய்வரும் மீனவருக்குத் தெரியும். புதுக்கரை என்றால் அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப்போங்கள்.

திரும்பி வந்ததும்

மீனைச் சுத்தம் செய்வதற்கு முன் இன்ஜினைச் சுத்தம் செய்யுங்கள். நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டி, கையேடு சொல்லும் முறையில் பத்து நிமிடம் உள்ளே அலசினால் உப்பு வெளியேறும். மின்கல முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவுங்கள். நங்கூரக் கயிற்றை நல்ல தண்ணீரில் நனைத்து நிழலில் காயப்போடுங்கள். டிரெய்லரில் ஏற்றி வருபவர்கள் சக்கர பேரிங்குகளுக்கும் கிரீஸ் வைக்க வேண்டும். உப்புநீரில் முங்கிய பேரிங் ஈசிஆர் சாலையில் நடுவழியில் இறுகிப்போவது நடக்கிற காரியம்தான்.

மழைக்காலத்துக்குப் படகை நிறுத்தும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து, ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இன்ஜினை நிமிர்த்தியே வையுங்கள், உள்ளே தேங்கிய நீர் வடியட்டும். படகை அணியம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். மழைநீர் தானாக வெளியேறும். கழற்றிய அடைப்பானை ஸ்டீயரிங்கிலோ இன்ஜின் கைப்பிடியிலோ கட்டித் தொங்கவிடுங்கள்.