கொரோனா கடன்: வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

அமெரிக்காவில் சுயதொழில் செய்வோர், முறைப்படி தள்ளுபடியான கொரோனா காலச் சம்பளப் பாதுகாப்புத் திட்டக் கடனை (பிபிபி) ஷெட்யூல் சி படிவத்தில் வருமானமாகக் காட்டாதீர்கள். மத்திய அரசின் வரி அதற்குக் கிடையாது. மாநில வரியைத் தனியே விசாரியுங்கள், விதி இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பணத்தில் கட்டிய கடை வாடகை, மின்கட்டணத்தைச் செலவாகக் கழியுங்கள். வரியில்லாப் பணத்துக்குக் கழிவும் உண்டா என்று தயங்க வேண்டாம். 2020 டிசம்பரில் வந்த சட்டமே அதற்கு இடம் தருகிறது. உங்களுக்கென எடுத்த தொகையை மட்டும் கழிக்காதீர்கள், உரிமையாளர் எடுப்பது சம்பளச் செலவாகாது.

பொருளாதாரப் பாதிப்புக்கான பேரிடர் கடன் (இஐடிஎல்) வேறு. திருப்பிக் கட்ட வேண்டியது என்பதால் அது வருமானமே அல்ல. தொழிலுக்குச் செலவிட்டிருந்தால் வட்டியைக் கழியுங்கள், அசலை அல்ல. கடன் முடிந்துவிட்டதே என்று ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்: மோசடி வழக்குத் தொடர அரசுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் 10 ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது.