விகிதத்துக்குப் பக்கத்தில் தேதி இருக்கிறதா?

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்ற முடிவெடுத்தது. அறிவிக்கை வந்தது 17ஆம் தேதி. அமலுக்கு வந்தது 22ஆம் தேதி. இடையில் ஐந்தே நாள். பில்லிங் மென்பொருள் எழுதுபவர்களும் அதைப் பராமரிப்பவர்களும் அந்த வாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாற்றத்துக்கும் இதேபோல் குறைந்த அவகாசம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு இப்போதே தயாராகுங்கள்.

1. பழைய விகிதத்தை அழிக்காதீர்கள்

ஷாம்புவுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அவசரத்தில் மாஸ்டரில் 18ஐ அழித்துவிட்டு 5 என்று போட்டால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் செப்டம்பர் 20ஆம் தேதி பில் போட்ட சரக்கு 25ஆம் தேதி திரும்பி வந்தால்? கிரெடிட் நோட்டில் பழைய 18தான் வர வேண்டும். மென்பொருளோ 5 என்று காட்டும். எனவே ஒவ்வொரு விகிதத்துக்கும் எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை என்று பதிவு செய்யுங்கள். திரும்பி வரும் சரக்குக்கு மூல பில்லின் விகிதத்தையே எடுக்கும்படி அமையுங்கள்.

2. எண்களைக் கோடுக்குள் புதைக்காதீர்கள்

ஆயத்த ஆடைக்கு விகிதம் மட்டுமல்ல, விலை வரம்பும் மாறியது. முன்பு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. கோடில் பத்து இடத்தில் 1,000 என்று எழுதியிருந்தால், ஒன்பதைத் திருத்திவிட்டு ஒன்றைக் கோட்டை விடுவோம். வரம்பும் விகிதமும் ஒரே டேபிளில் இருக்கட்டும்.

3. ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்

சட்டை 2,600 ரூபாய்; பில்லிலேயே 10 சதவீதத் தள்ளுபடி. விற்பனை மதிப்பு 2,340. வரி 5 சதவீதம், அதாவது 117 ரூபாய். தள்ளுபடிக்கு முந்தைய விலையை வைத்து விகிதம் பார்க்கும் மென்பொருள் 18 சதவீதம் போட்டு 421 ரூபாய் 20 காசு வாங்கிவிடும். இத்தகைய கணக்குகளை விடையோடு எழுதி வையுங்கள். சரியாக 2,500 ரூபாய், 2,501 ரூபாய், 21ஆம் தேதி இரவு, 22ஆம் தேதி காலை என்று எல்லையில் நிற்பவற்றை விடாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அத்தனையையும் ஓட்டிப் பாருங்கள்.

4. ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்

விகிதம் மட்டுமல்ல, விதியும் மாறும். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டுமே கட்டாயம். 2023 ஆகஸ்டில் அந்த வரம்பு 5 கோடியாக இறங்கியது. நமக்கு இல்லை என்று இருந்தவர்களின் வாசலுக்கும் மூன்றே ஆண்டில் வந்துவிட்டது. அறிவிக்கைகளைப் படிப்பது யார் வேலை என்று பெயர் குறித்து முடிவு செய்யுங்கள். அறிவிக்கை எண், அமல் தேதி, எங்கே திருத்தினோம், யார் சரிபார்த்தார் என்ற நான்கையும் ஒரு பதிவேட்டில் எழுதுங்கள்.

தப்பான பில்லின் சுமை கடைக்காரர் தலையிலும் வாடிக்கையாளர் பையிலும்தான் விழும். இன்றே மாஸ்டரைத் திறந்து பாருங்கள். விகிதத்துக்குப் பக்கத்தில் தேதி இல்லையென்றால், நாளைய முதல் வேலை அதுதான்.