ஆர்க்கிட் வேருக்கு மண் ஆகாது

பணி ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் இரண்டு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் செடிகள் கொடுத்தார்கள். அப்போதுதான் தோட்டத்தில் மண்புழு உரம் தயாரிக்க ஆரம்பித்திருந்தேன். இதற்கும் நல்ல சாப்பாடு போடுவோமே என்று, செடியோடு வந்த கரித்துண்டுகளை உதறிவிட்டு, செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து நட்டேன். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். வங்கியில் தினமும் கணக்கு நேர் செய்த பழக்கம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஒன்றரை மாதத்தில் இலை மஞ்சளாகி, தண்டு சுருங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன்! "அதைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்" என்றார் வீட்டுக்காரம்மா. கேட்டால்தானே. ஒரு செடி போய்விட்டது.

மற்றதைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வேரெல்லாம் பழுப்பு. விரலால் அழுத்தினால் மேல்தோல் உருவிக்கொண்டு வருகிறது, உள்ளே நூல் மாதிரி நரம்புதான் மிச்சம். செடி வாடியது தாகத்தால்தான். ஆனால் குடிக்க வேர் இல்லை.

டென்ட்ரோபியம் காட்டில் மரக்கிளையைப் பற்றி வளர்வது. வேரைச் சுற்றிப் பஞ்சு போல ஓர் உறை இருக்கும். மழையை உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் காய்ந்துவிடும். அதை மண்ணில் புதைத்து ஈரத்திலேயே வைத்தால் மூச்சு முட்டும். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் புகுந்துவிடும். வயலில் ஈரம் காக்கும் என்று நாம் தேடிச் சேர்க்கிற மட்கு, அதே காரணத்தால் இதற்கு ஆகாது. (வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பம்தான். அதற்குக் கடன் கொடுத்த காலத்தில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது!)

கத்தரிக்கோலைத் தீயில் காட்டி, அழுகியதை வெட்டி, கெட்டியாக இருந்த நாலு வேரை மட்டும் விட்டேன். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவினேன். நல்ல வேரில் படக்கூடாது, உலர்த்திவிடும். ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, பக்கமெல்லாம் ஓட்டை உள்ள சின்ன மண்தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போட்டு வைத்தேன். மட்டையை ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் உப்பு போகும். பெரிய தொட்டி வேண்டாம், நடுவில் ஈரம் தங்கிவிடும். செடியைக் குச்சியில் கட்டிவிடுங்கள். ஆடினால் புதுவேர் ஒடியும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு கிடையாது, வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகச் சாம்பல் பூத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். ஊற்றுவது காலையில் மட்டும். இரவுக்குள் இலை இடுக்கு காய்ந்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே தினமும் கேட்கிறது. ஐப்பசி அடைமழையில் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டால் நாலைந்து நாள் தண்ணீரே வேண்டாம்.

உரமாக, 15 நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 5 மி.லி. பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கிறேன். துணியில் நன்றாக வடிகட்டாவிட்டால் கசடு மட்டையில் படிந்து மறுபடியும் அழுகல்தான்.

எட்டு மாதம் கழித்து அடியில் பக்கக்கன்று வந்தது. போன தையில் பூத்தது, ஒரே காம்பில் ஆறு பூ. வீட்டுக்காரம்மா இப்போது என்னைத் தண்ணீர்க் குவளையோடு அந்தப் பக்கம் விடுவதில்லை.