ஜெனரேட்டர் புகைக்குழாயில் வெடிச்சத்தம் ஏன்?

நமது மண்டபங்களிலும் மருத்துவ மையங்களிலும் பெரிய டீசல் ஜெனரேட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. மின்சாரம் போனதும் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது, உடனே சைலன்சரில் "டமார்" என்று ஒரு சத்தம். ஆபத்தா?

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது பிறக்கும் கடும் வெப்பத்தில்தான் எண்ணெய் தானாகப் பற்றுகிறது. அந்த வெப்பம் போதாவிட்டால் எண்ணெய் எரியாமல் புகைக்குழாய்க்குள் போய்த் தங்கும். பின்னால் வரும் சூடான புகை அதைப் பற்றவைக்கிறது. வெடிச்சத்தம் கேட்டால், எரியாத டீசல் சைலன்சர் வரை போயிருக்கிறது என்று பொருள்.

நம் இடங்களில் இதற்குப் பெரும்பாலும் பழுதைவிடப் பழக்கமே காரணம். 250 கே.வி.ஏ. ஜெனரேட்டரை வாங்கி வைத்துக்கொண்டு பத்து விளக்கும் சில மின்விசிறிகளும் மட்டும் ஓட்டுகிறோம். எஞ்சின் சூடேறுவதே இல்லை. புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வடிந்தால் அதுதான் அடையாளம். வாராவாரம் லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் நன்மையைவிடத் தீமையே செய்யும். அவசரகால ஜெனரேட்டர்களுக்கான அமெரிக்க விதி (என்.எஃப்.பி.ஏ. 110), மாதம் ஒருமுறை 30 நிமிடம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டச் சொல்கிறது. நமக்கும் அது நல்ல அளவுகோல். ஆனால் பிசுக்கு ஏறிய எஞ்சினில் திடீரென முழு லோடு போடாதீர்கள், சைலன்சருக்குள் தீப்பிடிக்கலாம். படிப்படியாக ஏற்றுங்கள்.

அடுத்தது, திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பது. டயாலிசிஸ் நடக்கும்போது மின்சாரம் போனால் யாருக்கும் பதற்றம்தான். பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மூன்று முயற்சிக்குப் பின் தாமாகவே நின்றுவிடும். அதை ரீசெட் செய்து மீண்டும் மீண்டும் அடித்தால் ஒவ்வொரு முறையும் டீசல் உள்ளே இறங்குகிறது. கடைசியில் எஞ்சின் பிடிக்கும்போது சேர்ந்தது எல்லாம் ஒன்றாக வெடிக்கும். அந்த நேரம் புகைக்குழாய் வாய்க்கு எதிரே எவரும் நிற்கக் கூடாது.

இவை இரண்டும் இல்லையென்றால் மெக்கானிக்கை அழையுங்கள். சொட்டும் இன்ஜெக்டர், சரியாக மூடாத எக்ஸாஸ்ட் வால்வு, தேய்ந்த ரிங்கால் குறைந்த கம்ப்ரஷன், பிந்திப்போன டைமிங் என்று வரிசையாகப் பார்ப்பார். எந்த சிலிண்டரின் புகை வழி மட்டும் சூடு குறைவாக இருக்கிறது என்று வெப்பமானித் துப்பாக்கியால் அளந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். காமன் ரெயில் எஞ்சினில் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஊற்றாமலேயே எஞ்சின் ஆயில் அளவு கூடியிருந்தால், டீசல் அதில் கலந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

ஏர் ஃபில்டர் பக்கம் கேட்கும் குரைப்பு போன்ற சத்தம் வேறு. பெரிய லோடு சட்டென்று விழும்போது டர்போவில் காற்று பின்னோக்கித் தள்ளுவதால் வருவது அது. அதற்காக இன்ஜெக்டரைக் கழற்றிச் செலவு செய்ய வேண்டாம்.