கம்பியில்லாக் கருவிக்கு ஆன்டெனா: ஒரு சிறு பாடம்



பாலக்காட்டில் ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நம் சங்கக் குடும்பங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். பெற்றோரும் உடன் படிக்கலாம். வகுத்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

என் தங்கையின் பேரன் மூணாறில் இருக்கிறான். டிப்ளமோ படிக்கிறான். அவன் தாயாருக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, குடியிருப்பது லயத்தில். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. காணாமற்போனவர்களையும் சேர்த்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால், வெளியுலகுக்குச் செய்தி தெரிவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. அதன் பிறகு மழை வலுத்தால் அந்த வீட்டில் யாரும் கண்மூடுவதில்லை.

பையன் ஒரு கருவி செய்தான். லயத்துக்கு மேலே மேட்டில் ஒரு மழைமானி. ஒரு மணி நேரத்தில் பெய்த மழை அளவு மீறினால், கம்பியில்லாமல் செய்தி அனுப்பி வீட்டில் மணி அடிக்க வேண்டும். மேசைமேல் வைத்து சோதித்தபோது நன்றாக வேலை செய்தது. மேட்டில் கொண்டுபோய் வைத்ததும் அறுபது மீட்டர் கூடத் தாண்டவில்லை. "தாத்தா, சிப் கெட்டுப்போச்சு போல. வேற வாங்கட்டுமா?" என்று போன் செய்தான். "வாங்காதே, பலகையை எடுத்துக்கொண்டு பாலக்காட்டுக்கு வா" என்றேன்.

வந்தான், பார்த்தேன். சிப்பில் குற்றமில்லை. ஆன்டெனா மூச்சுவிட இடமில்லாமல் இருந்தது.

முதலில் நீளத்தைப் பார்ப்போம். வானொலி அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் செல்லும். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் வரும். நம் நாட்டில் குறைந்த சக்தியில் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டுள்ள 865-868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 866ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் சுமார் 34.6 செ.மீ. அதில் கால்பங்கு, அதாவது 8.7 செ.மீ., ஆன்டெனாவின் நீளம். வைஃபை, புளூடூத் இயங்கும் 2,450 மெகாஹெர்ட்ஸில் இதே கால்பங்கு 3.1 செ.மீ.தான். அதனால்தான் அது சிறு பலகையிலும் அடங்குகிறது. ஆனால் மரமும் ஈரமும் நிறைந்த மலைச்சரிவில் 866 கூடுதல் தூரம் போகும்.

இந்த நீளத்தைப் பலகையின் ஓரத்தில் செப்புக் கோடாகப் பாம்புபோல் வளைத்து அமைக்கலாம். பலகையின் கண்ணாடியிழைப் பொருள் அலையைச் சற்றுச் சுருக்குவதால், கணக்கில் வந்ததைவிடக் கோடு கொஞ்சம் குறுகலாகவே அமையும்.

நம் பையன் இதுவரை சரியாகவே செய்திருந்தான். தவறியது மூன்று இடங்களில்.

ஒன்று: ஆன்டெனாவுக்கு நேர் கீழே, பலகையின் மறுபுறத்தில், முழுவதும் செம்பு நிரப்பியிருந்தான். அது தரைத்தளம். மற்ற இடங்களில் அது அவசியம். ஆன்டெனாவின் அடியில் மட்டும் கூடாது. கோட்டுக்கும் தரைக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருந்தால் சக்தி வெளியே பரவாமல் அங்கேயே அடங்கிவிடும். ஆன்டெனா உள்ள பகுதியில் எல்லா அடுக்குகளிலும் செம்பை நீக்கிவிட வேண்டும்.

இரண்டு: இடம் மிச்சம் பிடிக்க, பேட்டரியை ஆன்டெனாவின் மேலேயே படுக்க வைத்திருந்தான். பேட்டரியின் உறை உலோகம். பழைய நாளில் கார்டுகள் வாக்கி டாக்கியை பிரேக் வேனின் இரும்புச் சுவரோரம் வைத்துக்கொண்டு பேசுவார்கள், டிரைவருக்குச் சரியாகக் கேட்காது. "கதவருகே வந்து பேசுங்கள்" என்போம். அதே பாடம்தான் இங்கும்.

மூன்று: பலகை 6 செ.மீ. நீளம்தான். கால்பங்கு ஆன்டெனா பாதி ஆன்டெனாதான். மறுபாதி பலகையின் தரைத்தளம். 866இல் அதற்கும் எட்டு ஒன்பது செ.மீ. நீளம் தேவை. தரையைக் குறுக்கினால் ஆன்டெனாவும் நொண்டும்.

பிறகு 11 செ.மீ. பலகை ஒன்று வரைந்தோம். ஒரு முனையில் இரண்டு விரல் அகலம் செம்பே இல்லாத இடத்தில் ஆன்டெனா, எதிர்முனையில் பேட்டரி. சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோடு 50 ஓம் மறிப்புடையதாக இருக்க வேண்டும். சாதாரண 1.6 மி.மீ. பலகையில், அடியில் தரைத்தளம் இருக்க, அதன் அகலம் சுமார் 3 மி.மீ. அந்த வழியில் மூன்று சிறு பாகங்களுக்கு இடம் விட்டோம். பின்னால் கண்டென்சரோ காயிலோ வைத்துச் சரிக்கட்ட இது உதவும்.

அடுத்து அளவீடு. கல்லூரியில் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். இன்று கையடக்கமாகவும் மலிவாகக் கிடைக்கிறது. திரும்பி வரும் சக்தி மைனஸ் 10 டெசிபெல் என்று காட்டினால், பத்தில் ஒன்பது பங்கு ஆன்டெனாவுக்குள் போகிறது என்று பொருள். எப்போதும் மூடிய பெட்டிக்குள் வைத்தே அளக்க வேண்டும். எங்கள் பலகை வெளியே 866 காட்டியது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்ததும் 845க்கு இறங்கியது. கோட்டின் நுனியைப் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி மேலே கொண்டுவந்தோம். நீளமாக வரைந்து குறைப்பது எளிது. வெட்டியதை ஒட்டுவது கடினம்.

கடைசியாக, பெட்டியை வைக்கும் இடம். லயத்தின் தகரக் கூரைமேல் வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மரக்கம்பு நட்டு, தகரத்தையும் ஈர இலைகளையும் விட்டு விலக்கி, ஆன்டெனா முனை மேலே நோக்கும்படி நிறுத்தினோம். அதே சிப், அதே சக்தி. இப்போது நானூறு மீட்டர் கீழே மணி அடிக்கிறது.

இது மழையளவை மட்டுமே சொல்லும். மலை சரியுமா என்று சொல்லாது. அதற்கு மண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம், சரிவின் சாய்வு, அதிர்வு எல்லாம் அளக்க வேண்டும். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் அத்தகைய உணரிகளைப் பூமிக்குள் புதைத்து, கம்பியில்லா வலையால் இணைத்து, செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரிக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். எத்தனை பெரிய ஏற்பாடானாலும், செய்தி முதலில் புறப்படுவது ஒரு சிறு ஆன்டெனாவிலிருந்துதான்.

ஆகவே பிள்ளைகளே, பலகை வரைய உட்காரும்போது ஆன்டெனாவுக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். மற்றவற்றைப் பிறகு அடுக்குங்கள். அரசு எச்சரிக்கை வந்தால் மணிக்காகக் காத்திராமல் வீட்டை விட்டுப் புறப்படுங்கள்.

பயிற்சிக்கு ஒரு கணக்கு: 433 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குக் கால்பங்கு நீளம் எவ்வளவு? அதற்குத் தரைத்தளம் எவ்வளவு வேண்டும்? அது உங்கள் சட்டைப்பைக்குள் அடங்குமா? விடையை வீட்டுப் பெரியவர்களிடம் விளக்கிச் சொல்லுங்கள்.